உப்புத்தண்ணீர்க் கவுளி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய் பிசாசு என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தால் இப்போதே எழுந்து போய்விடலாம். இதில் நடுராத்திரியும் இல்லை, சுடுகாடும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, நல்ல வெயிலில், வீடெல்லாம் கேசரி வாசம் அடித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. அதனால்தான் என்னால் இதை எதிலும் தள்ளிவிட முடியவில்லை. இருட்டில் நடந்திருந்தால் கண் ஏமாற்றிவிட்டது என்று சொல்லிவிட்டுத் தூங்கியிருப்பேன்.

நான் லேப் டெக்னீஷியன். காந்திபுரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை, மனுஷனுக்குள் இருக்கிற சகலத்தையும் கண்ணாடிச் சில்லில் தடவி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பதுதான் பிழைப்பு. காத்து கருப்பு அண்டிவிட்டது என்று மந்திரித்த கயிறு கட்டிக்கொண்டு வந்தவர்களுக்கெல்லாம் டைஃபாய்டு என்று சீட்டு எழுதிக் கொடுத்தவன். அம்மா ராகுகாலம் பார்ப்பாள், நான் அந்த நேரமாகப் பார்த்துத்தான் முடிவெட்டக் கிளம்புவேன், வேண்டுமென்றே. அப்படிப்பட்ட ஆள் நான். நீங்கள் சிரிப்பதென்றால் இப்போதே சிரித்துவிடுங்கள், பிறகு நடுவில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும்.

தொண்ணூற்று ஆறு ஏழு இருக்கும். சரவணம்பட்டியில் அப்போது சோளக்காடுகள்தான் அதிகம், நடுவில் புதிதாக வீடு கட்டிக் குடிபோயிருந்தோம். அப்பா காலமாகிவிட்டார். அம்மா, நான், தங்கை சாந்தாமணி, மூன்றே பேர். எனக்கு அப்போது பிடித்திருந்த பைத்தியம் மீன்தொட்டி. சாதாரணத் தொட்டி இல்லை, கடல்தண்ணீர்த் தொட்டி. கோயமுத்தூரில் உட்கார்ந்துகொண்டு கடல் வளர்க்கிறேன் என்று கிளம்பியவனை என்னவென்று சொல்வது! முதல் தடவை சிறுவாணித் தண்ணீரில் சமையல் கல்லுப்பைக் கரைத்து, நம் சிறுவாணியில் எது போட்டாலும் பிழைக்கும் என்ற திமிரில் இரண்டு மீனை விட்டேன், காபி குடித்துவிட்டு வருவதற்குள் இரண்டும் மல்லாந்துவிட்டன.

அப்புறம்தான் அருள்ராஜ் கிடைத்தார். தூத்துக்குடியிலிருந்து திருப்பூர் சாயப்பட்டறைகளுக்கு உப்பு ஏற்றி வரும் லாரி டிரைவர், காய்ச்சலுக்கு ரத்தம் பரிசோதிக்க வந்த இடத்தில் பழக்கம். மாதம் இரண்டு தடவை நாலு கேனில் நிஜமான கடல்தண்ணீர் கொண்டுவந்து இறக்குவார். ஒருநாள் ஈரச்சாக்கில் சுற்றி, பூசணிக்காய் பெருசுக்கு ஓட்டை ஓட்டையான ஒரு கல்லைக் கொடுத்தார். "அண்ணே, இதக் கல்லுன்னு நெனைக்காதீக, உள்ள ஒரு ஊரே குடியிருக்கு" என்றார். நான் நம்பவில்லை. தொட்டியில் போட்டேன்.

ஒரு வாரம் ஆனது, ஊர் வெளியே வந்தது. கண்ணாடியில் எள்ளளவுக்கு வெள்ளை நட்சத்திரங்கள் ஊர்ந்தன. உப்புத்தூள் மாதிரி சில புள்ளிகள், பார்த்துக்கொண்டே இருந்தால் துள்ளும். ஒரு பொந்திலிருந்து மயிர்மயிராக உடம்பு வைத்த புழு ஒன்று தலையை நீட்டி, மீனுக்குப் போட்ட தீனியை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடும். எங்களுக்கு டிவி மறந்துபோனது. எங்களுக்கு என்றால் எனக்கும் சாந்தாமணிக்கும். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் டார்ச் விளக்கில் சிவப்புக் கண்ணாடிக் காகிதத்தைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம், சிவப்பு வெளிச்சம் அதுகளுக்குத் தெரியாது, தைரியமாக வெளியே வரும். லேபிலிருந்து பழைய மைக்ராஸ்கோப் ஒன்றை வாங்கிவந்து வைத்திருந்தேன். அவள் நோட்டில் ஒவ்வொன்றையும் படம் வரைந்து, எத்தனை கால், எத்தனை மீசை, இன்றைக்கு எத்தனை கண்ணில் பட்டது என்று எண்ணி எழுதுவாள். சரியான பெயர் தெரியாதவரைக்கும் சொந்தக்காரர்கள் பெயரை வைப்பாள். தீனி திருடும் புழுவுக்கு எங்கள் பெரியமாமன் பெயர். அவர் வீட்டுக்கு வந்து இரண்டாம் தடவை பாயசம் கேட்டால் நாங்கள் இரண்டு பேரும் எழுந்து கொல்லைப்பக்கம் ஓடிப்போய்ச் சிரிப்போம்.

பக்கத்து வீட்டில் ரோஸலின் மேடம் இருந்தார், கல்லூரியில் விலங்கியல் எடுப்பவர். எங்கள் நோட்டைப் பார்த்து, இது இன்ன இனம், அது இன்ன குடும்பம் என்று சரியான பெயர்களைச் சொல்லித் திருத்துவார். வீட்டில் இந்தத் தொட்டியைப் பிடிக்காத ஒரே ஜீவன் அம்மா.

அதற்குக் காரணம் இருந்தது. எங்கள் பக்கம் கல்யாணப் பேச்சு எடுத்தால் கவுளி சொல்ல வேண்டும், அதாவது பல்லி சத்தம் கொடுக்க வேண்டும். நல்ல திசையிலிருந்து சொன்னால் சம்மதம், சொல்லவே இல்லையென்றால் பேச்சை அப்படியே நிறுத்திவிடுவார்கள். இப்போது எத்தனை பேர் பார்க்கிறார்களோ தெரியாது, அம்மாவுக்கு அது உயிர். என் சித்தி கல்யாணத்தின்போது கவுளி சொல்லவில்லை, அவசரப்பட்டு முடித்தார்கள், ஆறே மாதத்தில் சித்தப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். கண்ணால் பார்த்தவளிடம் நான் என்ன மைக்ராஸ்கோப் காட்டுவது? வம்பு என்னவென்றால், எங்கள் புது வீட்டில் பல்லியே இல்லை. ஒன்றுகூட இல்லை. சாந்தாமணிக்கு இருபத்தொன்பது நடந்துகொண்டிருந்தது, ஏழு ஜாதகம் பொருந்தி, ஏழு மாப்பிள்ளை வீடு வந்து, பஜ்ஜி தின்று போய்விட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அம்மா சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, "இன்னொரு நாளைக்குப் பேசலாமுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

"நீ அந்த உப்புத்தண்ணியக் கொண்டாந்து வெச்சதுல கவுளி பூராம் ஊட்ட உட்டுப் போயிருச்சு, தண்டபாணி. புள்ளைக்கு வயசாவுது, உனக்குப் புழு கேக்குதா?" என்பாள். அன்னூரில் மாமன் வீட்டிலிருந்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் நான் ஒரு பல்லியைப் பிடித்துக்கொண்டு வந்து சுவரில் விட்டேன், சத்தியமாக விட்டேன், அது இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஜன்னல் வழியாக இறங்கிச் சோளக்காட்டுக்குள் ஓடிவிட்டது. "கவுளி தானா வரோணுங் கண்ணு, புடிச்சாந்து உட்டா அது எப்புடிச் சொல்லும்?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

எட்டாவதாக வந்தது வெள்ளகோவில் ஜாதகம், லோகநாதன் என்று பெயர். அதைக் கேட்டதும் சாந்தாமணியின் முகம் மாறியது எனக்குத் தெரிந்தது. அன்னூரில் ஒரு கல்யாணப் பந்தியில் அவரை அவள் பார்த்திருக்கிறாள். திடீரென்று மழை பிடித்துக்கொண்டு பந்தலெல்லாம் ஒழுக, எல்லோரும் ஓட, இந்த மனிதர் மட்டும் சாம்பார் வாளியை வாழை இலையால் மூடிக்கொண்டு, தலை சொட்டச் சொட்ட, உட்கார்ந்திருந்த கிழவர்களுக்குப் பரிமாறிக்கொண்டே இருந்தாராம். டார்ச்சைப் பிடித்துக்கொண்டு தொட்டிக்குள் பார்த்தபடியே சொன்னாள்.

"ஏனுங்ணா, இத்தன நாளும் யாரு வந்தாலும் போனாலும் எனக்கு ஒண்ணுமில்லீங். இவுங்க மட்டும் திரும்பிப் போயிரக்கூடாதுங்ணா."

அவள் எதையும் கேட்கிற பெண் இல்லை.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. பத்து நாளாகத் தொட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. 'டக்' என்று, கண்ணாடி விரிசல் விட்ட மாதிரி. முதல் தடவை கேட்டதும் தொட்டி உடைகிறது என்று பயந்து அடியில் துணி விரித்தேன். ரோஸலின் மேடம் வந்து கேட்டுவிட்டுச் சிரித்தார். "கல்லுக்குள்ளே ஒரு இறால் இருக்குங்க. ஒரு கை மட்டும் பூதாகரமா இருக்கும், அதைச் சொடுக்கினா இந்தச் சத்தம் வரும்" என்றார். மீசையைத்தான் பார்க்க முடிந்தது, ஆள் வெளியே வரவில்லை. ஆனால் காய்ந்த இறால் துண்டு ஒன்றைப் பொந்து வாசலில் போட்டால் கட்டாயம் ஒரு 'டக்' வரும், சோதித்துப் பார்த்தாயிற்று. தொட்டி இருந்தது கூடத்தில், கிழக்குச் சுவரை ஒட்டி. கிழக்கு நல்ல திசை. புரிகிறதல்லவா? பெற்ற தாயை ஏமாற்றுவது பாவம்தான், ஆனால் தங்கச்சி கல்யாணத்துக்கு ஆயிரம் பொய் சொல்லலாம், நான் சொல்லப்போவது ஒன்றுதான், அதையும் இறால்தான் சொல்லப்போகிறது.

புதன்கிழமை, வருகிறவர்கள் பார்த்தால் பளிச்சென்று இருக்கட்டும் என்று, கல்லைப் புரட்டித் தொட்டியைச் சுத்தம் செய்தேன். அன்றைக்கே சத்தம் நின்றுவிட்டது. வியாழன் இல்லை, வெள்ளி இல்லை. சனிக்கிழமை நான் காய்ந்த இறாலைக் கொட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், யாருமில்லாத நேரத்தில் கையெடுத்துக் கும்பிட்டும் பார்த்தேன், நம்பினால் நம்புங்கள். மூச்சு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். வேனில் எட்டுப் பேர். மாப்பிள்ளை மட்டும் இறங்கி வாசலோடு நின்றுவிட்டார். வண்டியில் ஏதோ பார்க்கிறான், வந்துவிடுவான் என்றார் அவர் அப்பா. சரியாக மூன்றரை மணிக்குக் கரண்டு போய்விட்டது. ஃபேன் இல்லை, ஃபிரிட்ஜ் இல்லை, தொட்டியின் மோட்டாரும் நின்றுவிட்டது, கூடத்தில் ஊசி விழுந்தால் கேட்கும். ஜாதகம் பேசி, தோட்டம் பேசி, மழை பேசி, எல்லாம் தீர்ந்துவிட்டது. அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அப்பறமென்னங்க, பேசி முடிச்சுக்கலாமுங்களா?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"ஒரு நிமிசமுங்க" என்றாள் அம்மா.

ஒரு நிமிஷம் ஐந்து நிமிஷமாகி, பத்தாகிவிட்டது. வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் தொட்டிப் பக்கத்தில் நின்று, கைக்குள் இறால் துண்டு கசங்க, அட சனியனே ஒரே ஒரு தடவை என்று மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். சாந்தாமணி காபித் தட்டோடு வந்து எனக்கு ஒரு முழம் தள்ளி நின்றாள். தட்டு நிறைய டம்ளர்கள். அம்மா பெருமூச்சு விட்டு, அந்தப் பழைய வாக்கியத்தைச் சொல்ல வாயைத் திறந்துவிட்டாள்.

கேட்டது. ட்ச். ட்ச். ட்ச்.

மூன்று தடவை, நிறுத்தி நிறுத்தி, தெளிவாக. அம்மா அப்படியே இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டாள், கண்ணில் தண்ணீர். "சொல்லிப்போட்டுதுங்க! என்ற சாமி, சொல்லிப்போட்டுது!" என்று அழுகையும் சிரிப்புமாகக் கத்தினாள். மாப்பிள்ளையின் அப்பா தொடையைத் தட்டிக்கொண்டு, "கேட்டனுங்க, நானும் கேட்டனுங்க" என்றார். ஒரே கூச்சல், சிரிப்பு. அந்தச் சந்தடியில் மாப்பிள்ளை செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, "கூப்புட்டீங்களா?" என்று கேட்டார், யாரும் கூப்பிடவில்லை, அதற்கும் ஒரு சிரிப்பு. சாந்தாமணி காபியை நீட்டினாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டு டம்ளருக்குப் பதிலாகத் தட்டைப் பிடித்து இழுத்தார். அன்றைக்கே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டோம். கேசரி தீர்ந்துபோய் இரண்டாவது தடவை கிண்டினாள் அம்மா. என் இறாலே, என் தங்கமே என்று நான் தொட்டியைத் தட்டிக்கொடுத்தேன், அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

மறுநாள் காலை, இத்தனை பெரிய உபகாரம் செய்தவனை ஒருதரம் நேரில் பார்த்துவிடுவோம் என்று, ரோஸலின் மேடத்தைக் கூப்பிட்டுக்கொண்டு கல்லை ஒரு பிளாஸ்டிக் டப்பில் எடுத்து வைத்தோம். பக்கத்தில் சாந்தாமணி நோட்டோடு. கல்லைப் புரட்டப் புரட்டக் கடைசியில் வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது, என் சுண்டுவிரல் நீளத்துக்குப் பச்சையாக ஒரு இறால். மேடம் லென்ஸை வைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தண்டபாணி, நேத்து சத்தம் கேட்டதுன்னா சொன்னீங்க?"

"ஆமாங்க மேடம், மூணு தடவை."

"இது சொடுக்கற இறால்தான். ஆனா சொடுக்கற கை எங்கே?"

லென்ஸை வாங்கிப் பார்த்தேன். ஒரு பக்கம் ஊசி மாதிரி சின்னக் கை. இன்னொரு பக்கம் ஒன்றுமில்லை, ஒடிந்த இடத்தில் அரிசிநொய் அளவுக்கு ஒரு மொட்டு. தொட்டியின் மணலைக் கிளறியபோது அந்தப் பெரிய கையே கிடைத்தது, கல்லுக்கு அடியில், வெளுத்துப்போய். புதன்கிழமை நான்தான் கல்லைப் புரட்டி நசுக்கியிருக்கிறேன். "இனி இது சட்டை உரிச்சு, இந்தச் சின்னக் கை பெரிசானாத்தான் சத்தம். நேத்து இது சொடுக்கியிருக்கவே முடியாது" என்றார் மேடம்.

இன்னொரு இறால் இருக்கும் என்றேன். கல்லை அன்றைக்குப் பூராவும் அலசினோம். நட்சத்திரம், புழு, நத்தை, துள்ளுப்பூச்சி, எல்லாவற்றையும் சாந்தாமணி எண்ணி எழுதினாள், இறால் ஒன்றே ஒன்றுதான். சரி, நிஜமாகவே பல்லிதான் வந்துவிட்டது போல என்று ஏணி போட்டுக் கூடம் முழுக்கத் தேடினேன், படங்களை எல்லாம் கழற்றினேன், பல்லியும் இல்லை, அதன் எச்சமும் இல்லை. டியூப்லைட் ஸ்டார்ட்டரா என்றால் கரண்டே இல்லை. டம்ளர் சத்தமா என்றால், டம்ளர் அப்படியா சத்தம் போடும்?

அப்புறம்தான் எனக்கு லேப் புத்தி வந்து ஒவ்வொருவராக விசாரித்தேன். எந்தப் பக்கமிருந்து கேட்டது? அம்மா சமையலறை நிலைக்கு மேலே என்றாள், சத்தியம் பண்ணினாள். மாப்பிள்ளையின் அப்பா தன் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் என்றார். எனக்குத் தொட்டியிலிருந்துதான் கேட்டது, இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். ஒரே அறை, ஒரே சத்தம், மூன்று பேருக்கு மூன்று இடம். எத்தனை தடவை என்றதற்கு மட்டும் எல்லோரும் மூன்று என்றார்கள். சாந்தாமணியைக் கேட்டேன். "நான் எண்ணலீங்ணா" என்றாள், தலையைக் குனிந்துகொண்டு. கல்யாண வெட்கம் என்று விட்டுவிட்டேன்.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. அம்மாவும் தொட்டியை ஒன்றும் சொல்வதில்லை. இறாலுக்குக் கை வளர்ந்தது, மறுபடி 'டக்' என்று சொடுக்கியது. எனக்கு அப்போதுதான் உறைத்தது, அது வேறு சத்தம். அந்த ஞாயிற்றுக்கிழமை கேட்டது அதுவே இல்லை.

இதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. போன பொங்கலுக்கு வெள்ளகோவில் போயிருந்தேன். சாப்பிட்டுவிட்டு மாப்பிள்ளையும் நானும் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்தக் கவுளிக் கதையை எடுத்தேன், வருஷத்துக்கு ஒரு தடவையாவது எடுப்பேன். அவர் சிரித்துக்கொண்டே, "இனி சொன்னா என்னங்க மச்சான், அன்னைக்கு நான் வேண்டாம்னு சொல்லத்தான் வந்தேனுங்க" என்றார். நான் வெற்றிலையைத் துப்பிவிட்டு அவர் பக்கம் திரும்பினேன். "பொண்ணு தொட்டிக்குள்ள புழுவோட பேசிட்டுக் கெடக்குதுன்னு யாரோ சொல்லிப்போட்டாங்க. அப்பனுக்காக வண்டி ஏறுனனே ஒழிய, உள்ள வரவே கூடாதுன்னு வாசல்லயே நின்னுட்டேன்."

"அப்புறம் சத்தம் கேட்டு வந்தீங்களாக்கும்? வாசல் வரைக்கும் கேட்டுதா, அந்த மூணு?"

"மூணுங்களா? நாலுங்க மச்சான்."

"மூணுதானுங்க மாப்பிள்ளை, எல்லாரும் கேட்டோம்."

"மூணு கேட்டுச்சு, என்னமோ சத்தம்னு சும்மா நின்னேன். டிரைவர வண்டிய எடுக்கச் சொல்லிப்போட்டுக் கதவத் தெறந்து ஏறப் போனேனுங்க. அப்பத்தான் நாலாவது, இந்த வலது காதோரத்துல. யாரோ கூப்புட்ட மாதிரி இருந்துச்சு. டிரைவர் பக்கத்துலதான் இருந்தான், அவனுக்குக் கேக்கவே இல்லீங்க."

சமையலறை வாசலில் சாந்தாமணி நின்றிருந்தாள், கழுவிய கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. புருஷனையே பார்த்தாள்.

"உங்களுக்கும் நாலுங்களா?" என்றாள்.

கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் இதைச் சொல்லிக்கொண்டதே இல்லை. அவர் ஆமாம் என்று தலையாட்டினார். அவளோ சின்னப் பெண் மாதிரி சிரிக்கிறாள், கண்ணில் தண்ணீர் வழிகிறது.

"மூணு சொன்னதும் நீங்க எல்லாரும் சிரிச்சுக் கூத்தாடிட்டு இருந்தீங்களுங்ணா. நான், அம்மா நம்பிட்டாங்க, இவுங்க இன்னும் உள்ள வரக் காணமேன்னு நெனச்சேன். நெனச்சு முடிக்கலீங்ணா, இன்னொண்ணு சொல்லுச்சு. என்ற காதுக்குள்ளயே. உங்ககிட்டச் சொன்னா ஏணி போட்டுத் தேடுவீங்கன்னுதான் சொல்லல."

நான் அன்றைக்கு அவளுக்கு ஒரு முழம் தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு மூன்றுதான் கேட்டது.